கூட இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்

வேலூர் பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மனநல மையத்தில் ஒருவரை உள்நோயாளியாகச் சேர்ப்பதென்றால், குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும். நம்மூர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. துணைக்கு ஆள் இல்லாமல் யாராவது ஆஸ்பத்திரியில் படுப்பார்களா என்றுதான் கேட்போம். ஆனால் இந்த மையம் தொடங்கிய 1957-ல் நாட்டின் மனநல மருத்துவமனைகள் பெரும்பாலும் அப்படி இருக்கவில்லை. உயரமான மதில், பூட்டிய வார்டு, கையெழுத்துப் போட்டு ஆளை விட்டுவிட்டுப் போகும் சொந்தக்காரர்கள் என்றுதான் இருந்தன. போனவர்களில் பலர் திரும்பி வந்து எட்டிப் பார்த்ததே இல்லை.

அந்த வழக்கத்தை முதலில் உடைத்தவர் அமிர்தசரஸ் மருத்துவர் வித்யா சாகர். 1950-களில் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் போட்டு, நோயாளிகளின் வீட்டாரையும் தங்கவைத்தார். பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம். வேலூரில் கனடாவிலிருந்து வந்த மருத்துவர் புளோரன்ஸ் நிக்கோல்ஸ் தொடங்கிய மையம் அதையே நிரந்தர ஏற்பாடாக்கிக்கொண்டது. கூடத் தங்கியவர்கள் நோயைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள், மாத்திரை கொடுக்கப் பழகினார்கள், பக்கத்து அறைக் குடும்பத்தோடு பேசி 'நமக்கு மட்டும் இல்லை' என்று தெம்பு பெற்றார்கள். மருத்துவர்களுக்கும் ஒரு லாபம். அம்மாவும் மகனும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள், அப்பா உள்ளே வந்ததும் அந்தப் பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் கண்ணெதிரே தெரிந்தது. எந்தக் கேஸ் ஷீட்டிலும் இது கிடைக்காது.

இந்தப் பழைய ஏற்பாட்டை இப்போது எடுத்துப் பேசக் காரணம் இருக்கிறது. இளையோர் மனநலம் பற்றிய பேச்சு இன்று எங்கே பார்த்தாலும் நடக்கிறது. ஆனால் அது 'பையனுக்குக் கொஞ்சம் கவுன்சிலிங் குடுங்க சார்' என்ற ஒரு வரியிலேயே நின்றுபோகிறது. மிக்ஸியை சர்வீசுக்குக் கொடுப்பது போலப் பிள்ளையை ஒப்படைத்துவிட்டு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்க்கிறோம். உள்ளே போக வேண்டிய ஆட்களில் நாமும் உண்டு என்று தோன்றுவதில்லை. 15 வயதுப் பிள்ளையின் மனசு அந்தப் பிள்ளைக்குள் மட்டும் இருப்பதில்லை. சாப்பிட உட்காரும் நேரத்தில், அப்பாவின் சம்பள நாளில், அத்தை வீட்டுக் கல்யாணத்தில், பக்கத்து வீட்டுப் பெண் வாங்கிய மார்க்கில் எல்லாம் அது பரவிக் கிடக்கிறது. அதனால் வீட்டை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் சரிசெய்து அனுப்பும் வைத்தியம் அதிக நாள் தாங்காது. வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாலும் வேலைக்கு ஆகாது. வீட்டுக்கும் சேர்த்துத்தான் உதவி போக வேண்டும்.

மனநோய்கள் பெரும்பாலும் இளவயதில்தான் முளைக்கின்றன. வாழ்நாளில் வரும் மனநோய்களில் ஏறக்குறைய பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன, முக்கால் பங்கு 24 வயதுக்குள். பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு, 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. 40 பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் மூன்று பேர். அந்த மூன்று பேரும் கடைசி பெஞ்சில்தான் இருப்பார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. முதல் ரேங்க் எடுக்கும் பெண்ணாகவும் இருக்கலாம்.

வேலூருக்கென்று தனியாக ஒரு கணக்கு இருக்கிறது. படிக்கவே கனமானது. நகரத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் இருக்கும் கணியம்பாடி ஒன்றியத்தில் சி.எம்.சி.யின் சமுதாய மருத்துவப் பிரிவு பல பத்தாண்டுகளாக வேலை செய்கிறது. ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் வாழும் கிராமங்கள். ஒவ்வொரு பிறப்பையும் ஒவ்வொரு இறப்பையும் கிராமச் சுகாதாரப் பணியாளர்கள் பதிவு செய்வார்கள். இறப்பு நடந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று பக்குவமாகக் கேட்டு எழுதுவார்கள். அப்படிச் சேர்ந்த கணக்குப்படி 1994 முதல் 1999 வரை அங்கே தற்கொலை விகிதம் ஆண்டுக்கு லட்சத்துக்கு 95. அதே காலத்தில் நாட்டின் அதிகாரபூர்வக் கணக்கு லட்சத்துக்கு 11-ஐ ஒட்டித்தான் இருந்தது. வீட்டில் நடந்தது ஸ்டேஷன் வரை போவதில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடும், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகாது, ஊர் வாய்க்கு மெல்ல அவல் ஆகிவிடும் என்ற பயத்தில் 'வயித்து வலி' என்றோ 'திடீர்னு மயக்கம்' என்றோ முடித்துவிடுவார்கள்.

10 முதல் 19 வயது வரை உள்ளவர்களின் கணக்கு 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தனியாக வந்தது. பெண்களில் லட்சத்துக்கு 148, ஆண்களில் 58. உலகின் பெரும்பாலான நாடுகளில் தற்கொலையில் ஆண்கள்தான் அதிகம். இங்கே பெண் பிள்ளைகள் இரண்டரை மடங்கு. அந்த வயதில் இறந்த பெண்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான் காரணம். இவை 1992 முதல் 2001 வரையிலான கணக்குகள். அந்தப் பெண்கள் இருந்திருந்தால் இன்று நாற்பதை ஒட்டிய வயதில், தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் கிடையாது. 'மார்க் குறைஞ்சதால' என்று பேப்பரில் வருவது கடைசியாகச் சேர்ந்த கல் மட்டுமே. ஆனால் ஆணைவிடப் பெண் இவ்வளவு அதிகம் என்றால் கேள்வி நேராக வீட்டுக்குள் போகிறது. யாருக்குப் பேச இடம் இருந்தது, யாருக்கு இல்லை? யார் கோபித்துக்கொண்டு வெளியே போய் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வர முடிந்தது, யார் அதே நாலு சுவருக்குள் இருந்தாக வேண்டியிருந்தது?

அதே கணியம்பாடியில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த இன்னொரு ஆய்வு 2002-ல் வந்தது. பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 11 பெண்களுக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. யாருக்கெல்லாம் வந்தது என்று பார்த்தபோது வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றவர்களோடும் உரசல், கூடமாட உதவிக்கு ஆளில்லாதது என்று வந்தது. இளையோர் மனநலக் கட்டுரையில் பிரசவம் எதற்கு என்று கேட்கலாம். அந்தத் தாய்க்குப் பல வீடுகளில் வயது இருபதுதான். தவிர, அவள் மடியில் இருக்கும் குழந்தைதான் இன்னும் 14 வருஷத்தில் ஒன்பதாம் வகுப்பு படிக்கப்போகிறது.

சரி, இது வீட்டில் எப்படித் தெரியும்? 'எனக்கு மனச்சோர்வாக இருக்கிறது' என்று எந்தப் பிள்ளையும் வந்து நிற்காது. உடம்புதான் முதலில் பேசும். திங்கட்கிழமை காலை வயிற்று வலி, ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இல்லை. தலைவலி, கண் டாக்டரிடம் காட்டினால் பவர் இல்லை. எரிச்சல், எடுத்தெறிந்து பேசுவது. பெரியவர்களுக்கு மனச்சோர்வு சோகமாக வரும். பிள்ளைகளுக்குப் பல சமயம் கோபமாகத்தான் வரும். 'வாய் நீண்டுபோச்சு' என்று நாம் திட்டுவதில் கொஞ்சம் நோயும் கலந்திருக்கலாம். முன்பு கிரிக்கெட் என்றால் பறந்தவன் மட்டையைத் தொடாமல் கிடப்பது, சாப்பாடு குறைவது அல்லது கண்டபடி கூடுவது, தோழிகளைத் தவிர்ப்பது, மார்க் படிப்படியாக இல்லாமல் சட்டென்று விழுவது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும். திடீர் மாற்றத்துக்குப் பின்னால் பாலியல் தொந்தரவு இருக்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அதற்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. பதின்வயதில் தூக்கம் வரவைக்கும் சுரப்பு இரவில் தாமதமாகத்தான் வேலையைத் தொடங்குகிறது. 11 மணிக்கு முன் தூங்க முடியாத பிள்ளையை ஐந்து மணி டியூஷனுக்கு எழுப்புகிறோம். அதை ஏன் யாரும் ஒழுங்கீனம் என்று சொல்வதில்லை என்று தெரியவில்லை.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான், ஆனால் குடியாத்தம் பக்கம் எந்தத் தெருவிலும் இருக்கலாம். பெண் பிளஸ் ஒன். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா பெங்களூரில் ஓட்டல் வேலை, மாதத்துக்கு இரண்டு முறை வருவார். ஒரு நாள் ப்ரேயரில் பெண் மயங்கி விழுகிறாள். கை கால் வெட்டுகிறது, மூச்சு முட்டுகிறது. பத்து நிமிஷத்தில் சரியாகிவிடுகிறது. அடுத்த வாரம் மறுபடியும்.

"இன்னா பாப்பா ஆச்சு?"

"ஒன்னியும் இல்லமா. நெஞ்சு அடைக்குது."

வலிப்பு என்று தலைக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. பெரியம்மா வந்து பார்த்து, "உச்சி வேளையில புளியமரத்துப் பக்கம் போயிருப்பா, காத்து கருப்பு பட்டிருக்கும்" என்று கயிறு கட்டுகிறார். பள்ளியில் "நடிக்கிறா" என்கிறார்கள். மூன்றாவது பேச்சுத்தான் அந்தப் பெண்ணை உடைத்துவிடுகிறது.

அவள் நடிக்கவில்லை. வாயால் சொல்ல முடியாத நெருக்கடியை உடம்பு எடுத்துக்கொள்வது இந்த வயதுப் பெண்களிடம் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் ஒன்று. பார்க்க வலிப்பு போலவே இருக்கும். மூளையில் வலிப்புக்கான மின்னோட்டம் இருக்காது. அவளாகக் கொண்டுவருவதும் இல்லை, அவளால் நிறுத்தவும் முடியாது. நல்ல மருத்துவர் முதலில் அம்மாவிடம் ஒரு சின்ன வேலை கொடுப்பார். வீட்டில் மாட்டியிருக்கும் தினக் காலண்டரில், மயக்கம் வந்த நாளையும் அதற்கு முன்னால் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் குறித்துவரச் சொல்வார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், அப்பா ஊருக்கு வந்துபோன மறுநாள்தான் பெரும்பாலும் வந்திருக்கிறது. அப்பா அடிப்பவர் இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் சாப்பிட்டுக்கொண்டே, "பிளஸ் டூ முடிஞ்சதும் மாமன் பையனுக்கே பேசிடலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார், அவ்வளவுதான். அவளுக்கு நர்சிங் படிக்க ஆசை. அதை இதுவரை யாரும் கேட்டதில்லை.

இங்கே அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஆறு முறை கவுன்சிலிங் கொடுத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பலாம். கொஞ்சம் குறையும். அடுத்த முறை அப்பா வந்ததும் திரும்ப வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ரயில் பிடித்து வரவைத்து, மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து, "நீ பேசும்மா, நாங்க கேக்குறோம்" என்று சொல்ல வைப்பதற்குத்தான் திறமை வேண்டும். மயக்கம் வரும்போது கூட்டம் கூடி நீர் தெளித்து அழக் கூடாது, பத்திரமாகப் படுக்க வைத்து அமைதியாக இருக்க வேண்டும், எழுந்ததும் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்று அம்மாவுக்கும் சொல்லித் தர வேண்டும். அடங்கி இருந்தால் கவனிக்காமலும் விழுந்தால் மட்டும் கவனித்தும் பழகிய வீடு, அதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

கயிறு கட்டுவது பற்றி. சோளிங்கர் மலைக்கு மனசு சரியில்லாதவர்களை அழைத்துப்போவது வட ஆர்க்காட்டுக் குடும்பங்களில் பாட்டன் காலத்து வழக்கம். குளத்தில் முழுக்காட்டி, மலையேறி நரசிம்மரையும் ஆஞ்சநேயரையும் கும்பிட்டு, நாள்கணக்கில் தங்குகிறவர்களும் உண்டு. தர்காவுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு. இதைக் கேட்டதும் மூடநம்பிக்கை என்று பாய்கிற படித்தவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கிடைக்காத ஒன்று அங்கே கிடைக்கிறது: யாரும் பெயர் கேட்பதில்லை, குடும்பமே கூட இருக்கிறது, அவமானம் இல்லை. கெடுதல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, கட்டிப்போடுவதும் அடிப்பதும். 2001 ஆகஸ்டில் ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் இருந்த மனநோயாளர் இல்லம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். இரண்டாவது, காலம். காதில் யாரோ பேசுவது போல் கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒரு பையன் சொல்லத் தொடங்கினால், அந்த நோய்க்கு மருந்து எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. மலைக்குப் போகட்டும். அந்த வாரமே மருத்துவரையும் பார்க்கட்டும். ஏர்வாடியிலேயே பிறகு தர்காவுக்குப் பக்கத்தில் அரசு மனநல சிகிச்சையும் தொடங்கி, பிரார்த்தனையும் மருந்தும் சேர்ந்தே நடக்கின்றன.

வீட்டுப் பேச்சு நோயை எந்த அளவுக்குப் பாதிக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் அவருக்குப் பின் வந்தவர்களும், மனச்சிதைவு நோய் குணமாகி வீடு திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓயாமல் குறை சொல்லும் வீடு, வெறுப்பைக் காட்டும் வீடு, எந்நேரமும் பின்னாலேயே சுற்றிக் கவலைப்பட்டு மூச்சுவிட இடம் தராத வீடு ஆகியவற்றுக்குத் திரும்பியவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகமாக இருந்தது. மூன்றாவதைப் பாருங்கள். அன்பும் அளவு மீறினால் சுமைதான். பின்பு சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, அத்தகைய வீடுகள் லண்டனைவிட அங்கே குறைவாக இருந்தன. நம் கூட்டுக் குடும்பத்தைப் பற்றிப் பெருமைப்பட்டுக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது என்று அப்படியே விட்டுவிடக் கூடாது. இது மாற்றிக்கொள்ளக் கூடிய விஷயம். நோயைப் பற்றி வீட்டாருக்கு விளக்கி, பேசும் முறையைப் பழக்கினால், மருந்தோடு சேர்ந்து நோய் திரும்புவது குறைகிறது.

அப்படியென்றால் அந்த வீட்டார் யார், அவர்களுக்கு என்ன தெம்பு இருக்கிறது? இங்கேதான் வேலூரின் நிலைமையைப் பார்க்க வேண்டும். கணியம்பாடிக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டை இருக்கிறது. ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருக்கும் ஊர். அப்பா லடாக்கில், பிள்ளை பத்தாம் வகுப்பில், நடுவில் வீடியோ கால். ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் அம்மாக்கள் காலையில் கம்பெனி வண்டியில் ஏறினால் இருட்டித்தான் இறங்குவார்கள். ஜோலார்பேட்டையிலும் காட்பாடியிலும் விடியும் முன் ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகும் அப்பாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை விழித்திருக்கும்போது அவர்கள் வீட்டில் இருப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும். இவர்களிடம் போய் 'பிள்ளையோடு தரமான நேரம் செலவிடுங்கள்' என்று போஸ்டர் ஒட்டினால் கோபம்தான் வரும்.

பிள்ளைக்கு நோய் என்று தெரிந்த பிறகு முதலில் வேலையை விடுவது அம்மா. சம்பளம் போகிறது, ஆஸ்பத்திரிச் செலவு வருகிறது, 'நீ வளர்த்த வளர்ப்பு' என்ற பேச்சும் அவருக்குத்தான். அவருக்கே தூக்கம் போய்விடுகிறது. கூடப் பிறந்த தம்பியையோ தங்கையையோ யாரும் கவனிப்பதில்லை. 'நீயாவது ஒழுங்கா இரு' என்ற ஒரு வரியோடு அவர்கள் தனியாக வளர்கிறார்கள். நல்ல மையங்களில் அம்மாவின் தூக்கத்தைப் பற்றியும் கேட்பார்கள். பாகாயத்தில் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்காக நடக்கும் நம்பிக்கை நிலையத்தில் பெற்றோரும் பிள்ளையோடு சேர்ந்து பயிற்சி பெறுகிறார்கள். பல் துலக்கவும் சட்டை போடவும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையை அம்மா கற்றுக்கொண்டு போகிறார். கூடவே, அதே நிலைமையில் இருக்கும் இன்னும் நாலு அம்மாக்களைத் தெரிந்துகொண்டு போகிறார். அந்த இரண்டாவது விஷயம், எழுதித் தரும் எந்த மாத்திரைக்கும் குறைந்ததில்லை.

மாத்திரை என்றதும் நினைவுக்கு வருவது. 'மனசுக்கு மாத்திரை போட்டால் அடிமையாகிவிடுவாள்' என்பது பரவலான பயம். பதின்வயதினருக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃப்ளுஆக்ஸெட்டின் போன்றவை போதை தரும் வகை இல்லை. ஆனால் பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். தொடக்க வாரங்களில் சில இளையோருக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடலாம் என்பதால் அப்போது வீட்டார் கண் வைத்திருக்க வேண்டும், மருத்துவரையும் அடிக்கடி பார்க்க வேண்டும். சரியானதும் தானாக நிறுத்தக் கூடாது. லேசான பிரச்சினைக்கு மாத்திரையே தேவைப்படாமலும் போகலாம்; பேச்சு சிகிச்சையே போதும்.

பள்ளி தன் பங்குக்கு மாறியிருக்கிறதா? கொஞ்சம். 2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தியது. முதலிடம் பிடித்த பிள்ளைக்கு எல்லோரும் லட்டு ஊட்டும் போட்டோ போனது, போகட்டும். தோற்றவர்கள் ஒரு வருஷம் காத்திருக்காமல் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுத முடிவது அதைவிடப் பெரிய காரியம். 'ஒரு வருஷம் போச்சு' என்ற அந்த ஒரு பேச்சு இல்லாமல் போனதே எத்தனையோ வீடுகளில் மூச்சுவிட இடம் கொடுத்தது. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்குத் தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் உண்டு. ஆனால் அதற்கான சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கிறது, பல ஆசிரியர்கள் அதுவரை 'சோம்பேறி' என்றே முடித்துவிடுகிறார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. காகிதத்தில் பி.டி. சாரையே ஆலோசகர் என்று எழுதிவிடுவார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

சட்டமும் மெல்லக் குடும்பத்தின் பக்கம் வந்திருக்கிறது. 2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சேர்த்தால் பெற்றோரோ காப்பாளரோ அவர்கள் நியமிக்கும் துணையாளரோ சிகிச்சை முடியும் வரை கூடத் தங்க வேண்டும். பெண் பிள்ளையுடன் அப்பா தங்குவதென்றால், பெண் துணை ஒருவரும் கட்டாயம் இருக்க வேண்டும். பெரியவர்கள் வார்டில் போடக் கூடாது. பாகாயம் 60 ஆண்டுகளாகச் செய்துவந்தது சட்டப் புத்தகத்துக்குள் இப்போதுதான் வந்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து, உயிர் தப்பிய பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்திருக்கத் தேவையில்லை.

பெற்றோருக்கு மிகவும் கஷ்டமான கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளையிடம் சாவைப் பற்றி நேராகக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா? ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பல பிள்ளைகளுக்கு 'அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே' என்ற ஆறுதல்தான் வருகிறது. சுற்றி வளைக்காமல், திட்டாமல், "ரொம்ப கஷ்டமா இருக்குபோல இருக்கு கண்ணு, செத்துடலாம்னு எப்பவாச்சும் தோணுதா?" என்று கேட்கலாம். ஆமாம் என்றால் அதிர்ச்சியைக் காட்டக் கூடாது. 'எங்கள நெனச்சியா' என்று குற்ற உணர்ச்சியை ஏற்றக் கூடாது. "சொன்னது நல்லது, நான் கூட இருக்கேன்" என்று சொல்லி அன்றைக்குத் தனியாக விடாமல், ஆபத்தான பொருட்களைக் கைக்கு எட்டாமல் பூட்டிவைத்து, மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். அந்த எண்ணம் அலையாக வந்து போகக் கூடியது. அந்தச் சில மணி நேரத்தைத் தாண்ட வைப்பதுதான் பெரிய வேலை. இரவு இரண்டு மணி என்றாலும் 14416-க்குப் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் தமிழிலேயே பேசுகிறார்கள். பிள்ளை மட்டும் பேச வேண்டும் என்று இல்லை. பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் அம்மாவும் பேசலாம்.

நேரில் போவதென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பாகாயத்தில் குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும் தனிப் பிரிவே இருக்கிறது. பாகாயம் போனால் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று தயங்குகிறவர்களுக்கு: காட்பாடியிலிருந்து போகும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்களில் மருத்துவ மாணவர்களும், நர்சுகளும், காய்கறி வாங்கிப் போகிறவர்களும் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். யார் எதற்கு அங்கே இறங்குகிறார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. முதல் நாள் நேரம் ஆகும், பிறந்ததிலிருந்து எல்லாம் கேட்பார்கள். பழைய சீட்டுகள், மாத்திரை அட்டை, பள்ளி ரிப்போர்ட் கார்டு, காலண்டர் குறிப்பு இருந்தால் எடுத்துப் போகலாம். பிள்ளையோடு தனியாகப் பேச மருத்துவர் உங்களைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்வார். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. உயிருக்கு ஆபத்து இருந்தால் உங்களிடம் சொல்லிவிடுவார்.

"நான் என்ன பைத்தியமா, வரமாட்டேன்" என்று பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டால் ஏமாற்றி அழைத்துப்போகக் கூடாது. 'கோயிலுக்குப் போறோம்' என்று வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினால், அதன் பிறகு உங்களையும் நம்பாது, மருத்துவரையும் நம்பாது. பிள்ளை இல்லாமல் அப்பாவும் அம்மாவும் மட்டும் முதலில் போகலாம். 'எங்களுக்குத் தூக்கம் இல்ல, எப்படிப் பேசறதுன்னு தெரியல, அதான் நாங்க போறோம்' என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டே போகலாம். மூன்றாவது தடவை கிளம்பும்போது "அங்க என்னதான் கேக்குறாங்க?" என்று உள்ளே இருந்து ஒரு குரல் வர வாய்ப்பு உண்டு.